கிளிப் போடறது அப்புறம், வாயைக் காட்டறது ஏழு வயசுல

பிள்ளைகளின் பல் வரிசை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, கிளிப் எப்போ போடணும் என்ற ஒரே கேள்விதான். ஈரோட்டுப் பக்கம் இருபது வருடமாக வரிசை தப்பிய பற்களைக் கம்பி போட்டு இழுத்துக்கொண்டிருக்கிற ஆள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளிப் போடுவது வேறு, பல் சீரமைப்பு டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பேர் நாலு வருஷம் தாமதமாக வருகிறார்கள், மீதிப் பேர் ஒன்றுமில்லாததற்குப் பயந்துபோய் வருகிறார்கள்.

*பாப்பாவுக்கு ஏழு வயசு முடிஞ்சுது, ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. மேல் முன்பல் ரெண்டும் விழுந்து புதுசு முளைச்சிருக்கு, ஆனா முறம் மாதிரி அகலமா, நடுவுல சந்து விட்டு, ஆளுக்கொரு பக்கம் சாஞ்சுகிட்டு நிக்குது. எங்க அத்தை, பால் பல்லு பூராவும் விழட்டும், பொறவு பாத்துக்கலாம்ங்கறாங்க. கோயமுத்தூர்ல இருக்கற எங்கக்கா, இப்பவே டாக்டர்கிட்டக் காட்டுங்கறா. யாரு சொல்றதுங்க சரி?*
— ஒரு அம்மா, காங்கேயம்

ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி சரி, அதனால் வீட்டில் சண்டை வேண்டாம். அக்கா சொல்கிறபடி இப்போது காட்டுங்க. அத்தை சொல்கிறபடி, அநேகமாக இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது.

ஏழு வயது என்பது நானாகப் போட்ட கணக்கு இல்லை. குழந்தைக்கு ஏழு வயது ஆவதற்குள் ஒரு முறை சீரமைப்பு டாக்டர் பார்த்துவிடட்டும் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் பல காலமாகச் சொல்லி வருகிறது. நம் பிள்ளைகளுக்கும் பல் முளைக்கிற வயது ஏறக்குறைய அதேதான். ஆறு வயதை ஒட்டி, பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும், மேலே ரெண்டு, கீழே ரெண்டு என மொத்தம் 4. அது நிலைப்பல், போனால் மறுபடி முளைக்காது. ஒன்றும் விழாமல் வந்ததால் அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாகும் வரை விட்டுவிடுகிற வீடுகள் நம் பக்கம் ஏராளம், இன்றைக்கு ராத்திரி பல் விளக்கும்போது பாப்பாவின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள், இருக்கும். வீடு கட்டும்போது நாலு மூலைக்கல் நட்டதும் சுவர் எப்படி வரப்போகிறது என்று கொத்தனாருக்குத் தெரிந்துவிடுகிற மாதிரி, அந்த நாலு பல்லும் முன்பற்களும் வந்துவிட்டால் எங்களுக்கு முக்கால்வாசி தெரிந்துவிடும்: மேல்தாடை கீழ்த்தாடையைச் சரியாக மூடுகிறதா, வாயை மூடும்போது தாடை ஒரு பக்கம் நழுவுகிறதா, இன்னும் வர வேண்டிய பற்களுக்கு இடம் பத்துமா.

அப்புறம் அந்தச் சந்து. ஏழெட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை மேல் முன்பல் விரிந்து, இடைவெளி விட்டு, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். எங்கள் பாடப்புத்தகங்களில் இதற்கு அழகில்லாத வாத்துக்குஞ்சுப் பருவம் என்றே பெயர். முளைக்கக் காத்திருக்கும் கோரைப்பல், சிங்கப்பல் என்பார்களே அதுதான், எலும்புக்குள் இருந்தபடி பக்கத்துப் பல்லின் வேரை நெருக்குகிறது, வேர் உள்ளே போக நுனி வெளியே விரிகிறது. 11, 12 வயதில் அந்தக் கோரைப்பல் கீழே இறங்கும்போது பெரும்பாலும் சந்து தானாகவே மூடிக்கொள்ளும். பல் முறம் மாதிரித் தெரிவதற்குக் காரணம், பல் பெரியவர்கள் அளவிலேயே முளைத்துவிட்டது, முகம் இன்னும் பாப்பா முகமாக இருக்கிறது, அவ்வளவுதான். மேல் உதட்டிலிருந்து இரண்டு பல்லுக்கும் நடுவே இறங்கும் சதையை உடனே வெட்டணும் என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள், கோரைப்பல் வந்த பிறகும் சந்து மூடாவிட்டால்தான் பெரும்பாலும் அந்தப் பேச்சு.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யவே கூடாது. யூடியூப் பார்த்துவிட்டு இரண்டு பல்லையும் சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டுகிறார்கள். அந்த ரப்பர் மெதுவாக ஈறுக்குள் ஏறி, வெளியே தெரியாமல் வேரைச் சுற்றிக்கொண்டு எலும்பைத் தின்றுவிடும். நல்ல பல் இரண்டும் ஆடி விழும்.

*பையனுக்கு எட்டு வயசு. வாயை மூடினா கீழ்வரிசைப் பல்லு மேல்வரிசைக்கு வெளிய வந்து நிக்குது. என்ற மாமனாருக்கும் இப்படித்தான், அவரு எழுபது வயசு வரைக்கும் கரும்பு கடிச்சாரு. இதுக்கெல்லாமா டாக்டர்கிட்டப் போறது?*
— ஒரு அப்பா, பெருந்துறை

அப்புச்சி கரும்பு கடித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பேரனை இந்த மாதமே காட்டுங்க. வந்திருக்கிற கடிதங்களிலேயே காத்திருக்க முடியாதது உங்களுடையதுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒன்றிரண்டு பல் மட்டும் உள்வாங்கி முளைத்துக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. இது சின்ன வேலை, கழற்றி மாட்டுகிற சாதாரண பிளேட்டிலேயே சில மாதங்களில் தாண்டி வந்துவிடும். அப்படியே விட்டால் அந்தக் கீழ்ப்பல் இடி வாங்கி வாங்கி ஈறு இறங்கிவிடும். இன்னொன்று தாடையே அப்படி வளர்வது, மேல்தாடை சிறுத்தோ கீழ்த்தாடை நீண்டோ. தாத்தாவுக்கும் இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். தாத்தாவின் பழைய போட்டோ, பக்கவாட்டில் எடுத்தது இருந்தால் டாக்டரிடம் எடுத்துப் போங்கள், அதைப் பார்த்தே பாதி விஷயம் சொல்லிவிடலாம்.

மேல்தாடை பின்தங்கியிருந்தால், நெற்றியிலும் மோவாயிலும் தாங்கல் வைத்து ரப்பரால் முன்னுக்கு இழுக்கிற ஒரு மாஸ்க் உண்டு. வீட்டில் இருக்கும் நேரமும் ராத்திரியும் போட வேண்டும். பத்து வயதுக்கு முன்னால் போட்டால் எலும்பு சொன்னபடி கேட்கும், போகப் போகக் கேட்காது. வளர்ச்சி முடிந்த பிறகு வந்தால் தாடையை அறுத்துப் பொருத்துகிற ஆபரேஷன்தான் பேச்சு. மாஸ்க் போட்டாலே எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். வம்சத்தில் பலமாக இருந்தால் பதினாறு, பதினேழு வயதில் கீழ்த்தாடை மறுபடி முந்திக்கொள்வதும் உண்டு. அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன், தொடங்கும் முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம்.

இதோடு சேர்த்து எல்லாருக்கும்: பிள்ளை வாயை மூடும்போது மோவாய் ஒரு பக்கம் நழுவுகிறதா என்று கவனியுங்கள். மேல்தாடை குறுகி, ஒரு பக்கக் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடித்தால் அப்படி நழுவும், நாளடைவில் முகமே கோணலாக வளரக்கூடும். மேலண்ணம் நடுவில் ஒரு தையலோடு இரண்டு பாதியாக இருக்கிற எலும்பு. சின்ன வயதில் அண்ணத்தில் ஒரு கருவி ஒட்டி, டாக்டர் சொன்ன கணக்கில் அம்மாவே ஒரு குட்டிச் சாவியால் திருகிவந்தால் அந்தத் தையல் விலகி அகலமாகும். பதின்வயதின் பாதி தாண்டினால் தையல் இறுகிவிடும்.

*ஆறு வயசுப் பையனுக்குக் கீழ்ப்பல் விழறதுக்கு முன்னாடியே பின்னால இன்னொரு பல் முளைச்சு ரெண்டு வரிசையா இருக்கு.*
— உடுமலைப்பேட்டை

வாரத்துக்கு நாலு பேர் இதைச் சொல்லிக்கொண்டு பதறி வருகிறார்கள். முன்னால் இருக்கிற பால் பல் ஆடுகிறதென்றால் அவனையே நாக்காலும் விரலாலும் ஆட்டிவிடச் சொல்லுங்கள், முறுக்கோ கொய்யாவோ கடிக்கக் கொடுங்கள், விழுந்ததும் பின்பல்லை நாக்கே முன்னால் தள்ளிக்கொண்டு வரும். இரண்டு மூன்று மாதமாகியும் பால் பல் அசையவே இல்லை என்றால் எடுத்துவிடலாம். விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறிவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு அப்பத்தா விருப்பம்.

*மகளுக்கு ஆறரை வயசு. பால் கடைவாய்ப்பல் ஒண்ணு சொத்தை. எப்படியும் விழப்போற பல்தானே, புடுங்கிடலாம்னு இங்க சொன்னாங்க. பல் டாக்டரான தோழி, வேர் சிகிச்சை செஞ்சு வெச்சுக்கோங்கறா. விழற பல்லுக்கு யாராவது செலவு செய்வாங்களா?*
— பொள்ளாச்சி

செய்யணும். என் கதையைச் சொல்கிறேன். எனக்கும் அந்த வயதில்தான் கடைவாய்ப் பால் பல் சொத்தையானது. எங்கள் ஊரில் ஒருத்தர் கிளினிக்கில் ரெண்டே நிமிடத்தில் பிடுங்கிக் கையில் கொடுத்தார், அழாமல் இருந்ததற்கு அப்பா பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார், எல்லாருக்கும் திருப்தி. காலியான இடம் யாருக்கும் நினைப்பில் இல்லை. பின்னால் இருந்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல் அந்த இடத்துக்கு மெல்ல நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது, பஸ்ஸில் துண்டு போடாமல் எழுந்து போனால் என்ன ஆகும், அதே கதை. அதன்பின் வந்த நிலைப்பற்களுக்கு இடம் பற்றவில்லை, கடைசியாக வந்த கோரைப்பல் வரிசைக்கு வெளியே தெத்துப்பல்லாக நின்றது. கல்லூரியில் படிக்கும்போது நானே ஒரு சீனியர் கையில் கிளிப் போட்டுக்கொண்டேன், இரண்டு வருடம்.

முன்பக்கப் பால் பல் ஆறேழு வயதில் விழும், ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. உங்கள் மகளுக்கு இன்னும் நாலைந்து வருடம் அந்தப் பல்லுக்கு வேலை இருக்கிறது. மெல்லுவது ஒரு வேலை, அடியில் வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது இன்னொரு வேலை. காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள். முடியாமல் எடுத்தே ஆகவேண்டுமென்றால் அன்றைக்கே கேளுங்கள்: இந்த இடத்துக்குக் கம்பி வளையம் வேண்டுமா? பின்பல்லில் ஒரு பட்டை மாட்டி அதிலிருந்து ஒரு வளைவுக் கம்பியைக் காலி இடத்துக்கு முன்னால் இருக்கிற பல் வரை நீட்டிவிடுவார்கள், துண்டு போட்டு இடம் பிடிப்பது அதுதான். பிடுங்குகிற டாக்டர்கள் இதைச் சொல்லாமல் அனுப்புவதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

*அஞ்சு வயசுப் பேத்தி இன்னும் விரல் சூப்புறாள். வேப்பெண்ணெய் தடவியாச்சு, மிளகாய் தடவியாச்சு. வாய் எப்பவும் திறந்தே இருக்கு, ராத்திரி குறட்டையும் விடறாள்.*
— ஒரு பாட்டி, கோபிசெட்டிபாளையம்

அம்மா, மிளகாயை நிறுத்துங்க, கண்ணில் பட்டால் அது வேறு வேதனை. நாலு வயது வரை விரல் சூப்புவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, தானே நிறுத்தினால் பல்லும் பெரும்பாலும் தானே திரும்பிவிடும். நிலைப்பல் முளைக்கிற ஆறு வயதுக்குள் நிற்கணும், அதுதான் கெடு. பல் நகர்வது அழுத்துகிற பலத்தால் இல்லை, நேரத்தால். பாட்டிமார் கட்டைவிரலால் ரெண்டு நிமிடம் பல்லை அழுத்திவிடுவதில் ஒன்றும் நடக்காது, ஆனால் ராத்திரி முழுக்க வாய்க்குள் கிடக்கிற மெத்தென்ற விரல் மேல்வரிசையை வெளியே தள்ளி, மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒன்றோடொன்று தொடாதபடி ஒரு ஜன்னலையே திறந்துவிடும். திட்டினால் ஒளிந்து சூப்புவாள். சூப்பாத நாளைக்கு காலண்டரில் அவள் கையாலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள், தூங்கும்போது கையில் மெல்லிய காட்டன் உறை போடுங்கள். ஆறு வயதிலும் நிற்காவிட்டால் அண்ணத்தில் மாட்டுகிற கம்பி ஒன்று இருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு விரலைவிடக் குறட்டைதான் உறுத்துகிறது. மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதை வீங்கியிருந்தால் குழந்தை வாயால்தான் மூச்சு விடும், நாக்கு அண்ணத்தில் படாமல் கீழேயே கிடக்கும், மேல்தாடை குறுகி, முகம் நீளமாக வளரலாம். என்னிடம் வரும் முன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

*ஒன்பது வயசுப் பையன், மேல்வரிசை ரொம்ப எடுப்பு, உதடு மூடாது. ஸ்கூல்ல முயல் முயல்னு கூப்பிடறாங்களாம். இப்பவே கிளிப் போட்டுட்டா சீக்கிரம் முடிஞ்சுடுமா?*
— தாராபுரம்

சீக்கிரம் முடியாது, நீளத்தான் செய்யும். எடுப்புப் பல்லைப் பொறுத்தவரை, ஒன்பதில் ஒரு தரம், பதின்மூன்றில் ஒரு தரம் என்று இரண்டு கட்டமாகச் செய்வதற்கும், வளர்ச்சி வேகமெடுக்கும்போது ஒரே தரமாகச் செய்வதற்கும் கடைசி விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் ஆய்வுகளில் தெரியவந்தது. முன்கூட்டிச் செய்வதில் உறுதியான லாபம் ஒன்று உண்டு: விழுந்தால் முன்பல் உடைகிற வாய்ப்பு குறைகிறது. அதனால் பையன் ஓடியாடுகிறவனா, கிண்டலால் ஸ்கூல் போகமாட்டேன் என்று அழுகிறானா, இதைப் பொறுத்து முடிவு எடுங்கள். கீழ்த்தாடை சிறுத்ததால்தான் மேல்பல் எடுப்பாகத் தெரிகிறதென்றால், தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் பிளேட் அவன் வளர்த்தி எடுக்கும்போது போடுவது, ஆண் பிள்ளைகளுக்கு 12 முதல் 14, பெண் பிள்ளைகளுக்கு அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால்.

அதுவரை ஒன்றை மனதில் வையுங்கள். சைக்கிளிலிருந்து விழுந்து நிலைப்பல் வேரோடு வந்துவிட்டால், வேரைத் தொடாமல் நுனியைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாகக் கழுவி அதே குழியில் திரும்ப வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லி உடனே டாக்டரிடம் ஓடுங்கள். வைக்க முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு எடுத்துப் போங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது.

*மகளுக்கு 13 வயசு ஆயிடுச்சு, பல் நெருக்கடியா இருக்கு. ரெண்டு பேரும் பனியன் கம்பெனி வேலை, இவ்வளவு நாள் நேரமில்லை. லேட் பண்ணிட்டமா? யாருகிட்டப் போறது, எவ்வளவு ஆகும்?*
— திருப்பூர்

லேட்டே இல்லைங்க. வெறும் நெருக்கடிக்குக் கிளிப் போடுகிற வழக்கமான வயதே இதுதான், நிலைப்பல் எல்லாம் வந்திருக்கும். ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் நாற்பது வயதிலும் போடலாம், என்னிடம் மகளுக்குப் போட வந்து தானும் போட்டுக்கொண்ட அம்மா இருக்கிறார்.

ஐந்து வருடம் பி.டி.எஸ். முடித்த பிறகு மூன்று வருடம் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவர்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். போர்டில் படிப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் கூசாமல் கேளுங்கள். பல கிளினிக்குகளுக்கு அவர் வாரம் ஒரு நாளோ மாதம் இரண்டு நாளோதான் வருவார், அதில் தப்பில்லை, ஆனால் கம்பி அறுந்தால் நடுவில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவையுங்கள். உலோகக் கிளிப்தான் விலை குறைவு, பல் நிறத்தில் வருகிற செராமிக் அதைவிடக் கூட, கழற்றி மாட்டும் கண்ணாடி மாதிரியான அலைனர் பெரும்பாலும் எல்லாவற்றையும்விடக் கூட. நெருக்கடியை நேராக்குவதில் உலோகம் எதற்கும் சளைத்ததல்ல. மொத்தத் தொகையில் எக்ஸ்ரே, பல் எடுப்பது, பல் நகராமல் பிடித்துவைக்கக் கடைசியில் போடும் ரிட்டெய்னர் எல்லாம் சேர்ந்ததா என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கை இறுக்கம் என்றால் சூலூர், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பேராசிரியர் மேற்பார்வையில் முதுகலை மாணவர்கள் செய்வார்கள், செலவு பெரும்பாலும் வெளியைவிடக் குறையும், நேரம்தான் கொஞ்சம் கூட ஆகும்.

ஒன்றரை முதல் இரண்டு வருடம், மாதம் ஒரு நடை. கழற்றிய பிறகு ரிட்டெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நடையைக் கட்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சையை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள், முதல் மூன்று நாலு நாள் வலிதான், அதைப் பரீட்சை வாரத்தில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

*எங்க பக்கம் தண்ணிக்குப் பல்லெல்லாம் காவி பிடிச்சுக் கிடக்கும். கிளிப் போட்டா அதுவும் போயிடுமா?*
— பென்னாகரம்

போகாது. அது நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதால், பல் எலும்புக்குள் உருவாகும்போதே விழுந்த கறை. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இதற்காகத்தான். கிளிப் வரிசையைத்தான் சரிசெய்யும், கறைக்குத் தனிச் சிகிச்சை, அதுவும் கிளிப் கழற்றிய பிறகு. அந்த மாதிரிப் பல்லில் கிளிப் ஒட்டுவது கொஞ்சம் பிடிவாதம் பண்ணும், அடிக்கடி கழன்றால் டாக்டரைத் திட்டாதீர்கள்.

*சிங்கப்பல் அதிர்ஷ்டம்னு சொல்றாங்களே. பத்து வயசு மகனுக்கு அந்த இடத்துல பல்லே காணோம்.*
— சேலம்

அதிர்ஷ்டம் எனக்குத் தெரியாது. பத்து வயதில் மேல் உதட்டுக்குள் விரலை விட்டு, கோரைப்பல் வர வேண்டிய இடத்தில் ஈறைத் தடவினால் இரண்டு பக்கமும் மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் இல்லையென்றால் காட்டுங்க. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு அது அண்ணத்துப் பக்கம் படுத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லின் வேரையே கரைத்துவிடுவதும் உண்டு. இந்த வயதில் கண்டுபிடித்தால், இடம் தாராளமாக இருக்கும்பட்சத்தில், மேலே இருக்கிற பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே பலருக்கு உள்ளிருப்பது வழிக்கு வந்துவிடும்.

*கிளிப் போட்ட பையன் ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறான்.*
— நாமக்கல்

சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுங்க, அரிசியும் பருப்பும் சோற்றைக் குழைவாக ஆக்கி நெய் விடுங்க, முட்டைக்கா உங்க ஊரில் பஞ்சம்? கரும்பு, கடலை உருண்டை, முறுக்கு, எலும்புக் கறி இதெல்லாம் கிளிப் கழற்றும் வரை கிடையாது, கொய்யாவை நறுக்கித்தான் கொடுக்கணும். நாலு நாளில் அவனே சமையல்கட்டில் வந்து நிற்பான்.